கரடி வைத்த பொங்கல்

அந்தப் படக்கதையை நான் கைப்பேசியில் வாசிக்கத் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து யாரோ வாரம் ஒரு அத்தியாயம் வரைந்து இணையத்தில் போடுவார். ஒரு தபால்காரக் கரடி. அதன் தோள்பையில் குடியிருக்கும் ஒரு சின்ன மேகம். மேகத்துக்குப் பெய்யப் பயம். பெய்துவிட்டால் தான் இல்லாமல் போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கோவில்பட்டியில் ஒரு சிறிய அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலை எனக்கு. மதியச் சாப்பாடு முடிந்து அதைத் திறந்தால், தெருவில் போகும் பஸ்களின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல ஆகிவிடும்.

பண்டிகை வந்தால் வாசகர்கள் அந்தக் கரடியையும் மேகத்தையும் தாங்களே வரைந்து குழுவில் பகிர்வார்கள். டிசம்பர் முழுக்கக் கரடி சிவப்புத் தொப்பியோடு பனியில் நிற்கும். பார்த்து ரசிப்பதோடு சரி, நான் எதுவும் போட்டதில்லை. போன பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஏனென்று தெரியவில்லை, என் விரல் கரடிக்கு ஒரு வேட்டியைக் கட்டிவிட்டது.

அம்மா பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி வரையுத?”

“கரடி பொங்கல் வைக்குதும்மா.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். முறத்தை வைத்துவிட்டு வந்து, அடுப்பில் நான் செருகியிருந்த காய்ந்த பருத்திக் குச்சிகளை வெகுநேரம் பார்த்தாள்.

“பருத்திமாரு இப்படி நின்னு எரியாதுட்டி. படபடன்னு பொறி பறக்கும்” என்றாள். பிறகு, “பைக்குள்ள யாரு?”

“மேகம்.”

“அதப் பானைக்கிட்ட உக்கார வையி. ஆவி வரும்லா, பாத்துக்கிட்டு இருக்கட்டும்.”

அப்படியே வரைந்தேன். பானையிலிருந்து ஆவி எழ, தன் சொந்தக்காரர்களைக் கண்டதுபோல மேகம் அண்ணாந்து பார்த்தது. அடுப்பைச் சுற்றி அடிவானம் வரைக்கும் கரிசல். அந்த நிறம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. ஈரம் காயாத கரிசலில் கறுப்போடு கொஞ்சம் ஊதாவும் இருக்கிறது.

போகியன்று காலையில் பகிர்ந்தேன். முதலில் வந்த கேள்வி, “காடு எரிந்துவிட்டதா?” அடுத்து ஒருவர், கரடியின் வீடு போனதற்காக வருத்தம் தெரிவித்திருந்தார். எங்கள் மண்ணின் நிறமே இதுதான் என்று ஆங்கிலத்தில் எழுதினேன், அழித்தேன். படத்தையே எடுத்துவிடலாமா என்று தோன்றியது.

மத்தியானம் பார்த்தபோது, எனக்கு முன்பே யாரோ அவர்களுக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். ‘இது எரிந்த நிலம் இல்லை. இதிலிருந்துதான் பருத்தி வெள்ளையாக வருகிறது.’ அதற்குக் கீழே அவரே தமிழில் எனக்கு ஒரு வரி: “கரிசல்லா இது. நீங்க எந்த ஊரு?”

கோவில்பட்டி என்றேன்.

“நான் மணியாச்சில தண்டவாள வேலை பாக்குதேன். இந்தப் பக்கத்துல நான் ஒருத்திதான் இதப் படிக்கேன்னு நெனச்சிருந்தேன்.”

அவள் வரச்சொல்லி, மாட்டுப் பொங்கலன்று பாசஞ்சர் ரயிலில் ஏறி மணியாச்சிக்குப் போனேன். ஆரஞ்சு நிறச் சட்டையில், என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண் நடைமேடையில் நின்றாள். “கரடி வரைஞ்சது நீதான?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மர நிழலில் உட்கார்ந்தோம். கரடி ஒரு விலாசம் இல்லாத கடிதத்தை மேகத்துக்கு வாசித்துக் காட்டும் அத்தியாயம் வந்த வாரம்தான் அவள் அம்மா இறந்திருந்தாள்.

“எனக்கு அழுகையே வரல. எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாவ. இங்கன உக்காந்து அதப் படிச்ச பொறவுதான் வந்துச்சு” என்றாள்.

அந்த அத்தியாயத்தைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

“எனக்கு வரைய வராதுட்டி, சொல்லிட்டேன்” என்று தன்னையே கேலி செய்துகொண்டு, “ஆனா கரடி பேசுறது எனக்கு நம்ம பேச்சுலதான் கேக்கும்” என்றாள். ஆங்கில வரிகளைப் பார்த்தபடியே வாசித்தாள். “‘ஏட்டி, இறுக்கிப் பிடிச்சுக்கோ. காத்து வருது.’”

நான்கு வருடமாக எனக்குக் கேட்காத குரல் அது. இன்னொரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். இன்னொன்றும்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் புது அத்தியாயம் வந்ததும், வேலை முடிந்து அவள் போனில் கூப்பிடுவாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் வாசிப்பாள். சில வாரங்களில் நடுவே ஒரு ரயில் வந்துவிடும். கடைசிப் பெட்டி கடந்ததும், விட்ட வரியிலிருந்து மறுபடி வாசிப்பாள்.