மதகில் கட்டிய வலை

நான் கிராம சேவிகாவாகச் சேர்ந்த முதல் கோடை. ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நெல் பால் பிடிக்கும் நேரம். மதகு திறந்திருந்தும் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த ஞானம்மா என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனார். இடுப்பில் என் மகள். குழந்தையைப் பால்வாடியில் விட்டிருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசனை.

விஷயம் இதுதான். ஏரித் தண்ணீர் ஊருக்குப் பொது. மீன், ஏலம் எடுத்த நாயகத்துக்குச் சொந்தம். மதகைத் திறந்தால் மீன் வயலுக்குப் போய்விடும் என்று அவர் தகராறு செய்ய, எங்கள் அதிகாரி சமரசம் செய்துவைத்தார்: மதகுக்கு வலை கட்டு. தண்ணீர் ஊருக்கு, மீன் நாயகத்துக்கு. எல்லோருக்கும் திருப்தி. பாசியை யாரும் கேட்கவில்லை. அது வந்து வலையை அடைத்துக்கொண்டது.

"அண்ணே, வலையை உதறுங்களேன்" என்றேன் கரையில் நின்ற நாயகத்திடம்.

"வலைதாம்மா என்னுது. பாசி ஏரில மொளச்சது. ஏரி ஊருது. ஊரைக் கேளு."

பக்கத்தில் நின்ற ஊராட்சித் தலைவர் கையை விரித்தார். "வலைல கைய வெச்சா மீன் திருடன்னு கத்துவான். முன்னல்லாம் வூட்டுக்கு ஒரு ஆள் வந்து பாசி எடுப்பாங்க. இப்ப அத்தினி பேரும் மறைமலை நகர்ல ஷிப்டு. இன்னா பண்ண சொல்ற?"

மதகுக்காரர், "மதகு சர்க்காரோடது, ஆர்டர் இல்லாம யாரும் கிட்ட வரக்கூடாது" என்றார், மதகின் மேல் உட்கார்ந்துகொண்டு.

"அப்ப பாசி யாருக்கும் வேணாமா?" என்றார் ஞானம்மா.

மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சரி, அது என்னுது. என் பொருள நான் எடுத்துக்கினு போறேன்."

புடவையைச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். மகளைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு நானும் இறங்கினேன். சேவிகாவின் கடமைகளில் இது வருமா என்று இன்றுவரை தெரியாது. பொழுது சாய்வதற்குள் கடைமடை நனைந்தது.

மறுநாள் கரையில் கிடந்த பாசிக் குவியலருகே தலைவர் மாட்டுவண்டியோடு நின்றார்.

"பொதுச் சொத்தும்மா. தென்னைக்கு நல்ல எரு."

"என் வலைல சிக்கினது" என்றார் நாயகம். மதகுக்காரரும் ஒரு கூடை கொண்டுவந்திருந்தார்.

ஞானம்மா சிரித்தார். "குமிச்சது என்னுது. வலைல இன்னும் வந்துகினே கீது. வேணும்னா எறங்கி எடுத்துக்கோங்க, சாமி."

போட்டி போட்டுக்கொண்டு மூவரும் இறங்கினார்கள். அறுவடைவரை மதகு அடைபடவே இல்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களே, எது யாருக்குச் சொந்தம் என்று பேசும் கூட்டத்தில், அதைச் சுத்தம் செய்வது யார் என்றும் கேளுங்கள். பதில் வராது. ஆனால் கூட்டம் சீக்கிரம் முடியும். வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கலாம்.