ஊர்க்காரனுக்குத் தெரிந்த பாறை

தென்காசியிலேயே பிறந்து வளர்ந்தும் சீசன் விடுமுறைகளில் குற்றாலம் பக்கம் போகமாட்டேன், கூட்டம். ஒரு சுதந்திர தினத்தன்று தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும், சொந்த ஊரை ஒருநாள் வெளியூர்க்காரனைப்போலச் சுற்றலாமென்று மனைவியோடு கிளம்பினேன்.

அருவியில் நீண்ட வரிசை. "நம்ம ஊர்ல நாம எதுக்கு வரிசையில நிக்கணும்?" என்று, அருவிக்குக் கீழே ஆற்றுக்குள் எனக்குத் தெரிந்த பாறைக்கு அவளைக் கூட்டிப்போனேன். பாறைமேல் வெயில் வெள்ளைத்துணிபோல் விரிந்து கிடந்தது. கணுக்கால் அளவு தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம்.

கரையில் பலாச்சுளை விற்ற அம்மா கத்தினார்: "அண்ணாச்சி, ஏறி வாங்க! தண்ணி செவக்குது, சருகு வருது பாத்தியளா?"

"மழையே இல்லியே!" என்றேன்.

"இங்கன இல்ல, மலையில பெய்யுது! பேசிட்டே இருக்காரு, இழுத்துட்டு வாங்கக்கா!"

மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். கரையேறித் திரும்பினால் பாறையைக் காணோம். செம்மண் வெள்ளம் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. எங்கள் செருப்புகளும் அதோடு போயின.

"ஊர்க்காரருன்னா ஆறு ஒதுங்கிப் போவுமோ?" என்றாள் அவள். என் கையை இன்னும் விடவில்லை.

இப்போதெல்லாம் குற்றாலம் போனால் முதலில் மலையுச்சியைப் பார்க்கிறேன். அங்கே கறுத்திருந்தால் வீடு திரும்புகிறோம். வெளுத்திருந்தால், வெளியூர்க்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறோம்.