எக்ஸ்ரே அக்கா ஆண்ட நான்கு மாதங்கள்

ஊரில் பாதிப் பேருடைய எலும்பை அவள் பார்த்திருக்கிறாள். பதினாறு வருடமாக ஒரே கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எதிர்ப்படுகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'எக்ஸ்ரே அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். "இந்தத் தோள்ல இன்னும் பிடிப்பு இருக்குக்கா" என்று நடுத்தெருவில் கையைத் தூக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆளை நிறுத்தி, தாடையை நிமிர்த்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடலாம்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வாள். எதற்கென்று தெரியாத ஒரு பொத்தானை அவள் வாழ்நாளில் அழுத்தியதில்லை. அப்படிப்பட்டவள் கையில்தான் ஒரு பேரரசு வந்து விழுந்தது.

கணவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். நாலு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. வீட்டில் இருக்கிற இரண்டு மாதமும் அவள் அதிகம் பார்ப்பது அவன் முதுகைத்தான். கணினித் திரையில் நாடு பிடிக்கிற ஒரு விளையாட்டு. அவன் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அதன் முதல் பாகம் வந்ததாம். அன்றைக்குச் சேர்ந்து உட்கார்ந்த மூன்று சிநேகிதர்கள் ஆறாவது பாகம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் நிலம் அளக்கிற சர்வேயர். ஆள் உயரம், கழுத்தும் நீளம், அதனால் கொக்கு. இன்னொருவர் கணக்கு வாத்தியார். மூன்றாவது இவன். இப்போது ஓடுகிற ஆட்டம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு முறை. தொடர்ந்து மூன்று நாள் தவறவிட்டால் அவருடைய நாட்டைக் கணினியே எடுத்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் கப்பலிலிருந்தே ஆடிவிடுவான். இந்தத் தடவை ஏறப்போகிற கப்பலில் இணையம் கிடையாது. வாரத்துக்குப் பத்து நிமிடம் வீட்டுக்குப் பேசலாம், அவ்வளவுதான்.

பெட்டி கட்டுகிற அவசரத்தில் அவளை இழுத்து உட்கார வைத்தான். "நீ ஒண்ணுமே பண்ண வேணாம். தினம் காலைல இதைத் திற. கீழ் மூலைல 'முறை முடிந்தது'ன்னு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்து. மூடிடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயம், நான் ஆடலைன்னு அவங்க ரெண்டு பேருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா என்னை முழுங்கிடுவானுங்க."

சிநேகிதர்கள் எதற்கு முழுங்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் வாசலில் வண்டி வந்துவிட்டது.

முதல் நாள் பொத்தான் சொன்ன இடத்தில் இருந்தது. அழுத்தினாள், மூடினாள். இரண்டாம் நாள் திறந்தால் அந்தப் பொத்தானைக் காணோம். அது இருந்த இடத்தில் 'ஒருவர் உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறார்' என்று இருந்தது.

யார்? எங்கே? குளியலறைத் தரையில் பதித்த அறுகோண ஓடுகள் மாதிரி திரை முழுக்கக் கட்டங்கள். மரம், மலை, தண்ணீர், குட்டிக் குட்டி ஆட்கள். அவள் திருதிருவென்று விழித்தாள். காபிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்ற மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"இந்தா, இங்க ஒருத்தன் மூட்டை முடிச்சோட நிக்கிறான் பாரு. கையை வேற ஆட்டுறான்."

"என்ன வேணுமாம் அத்தை?"

"எனக்கென்ன தெரியும்? எங்கேயாவது போகணும்னு நிக்கிறான். அனுப்பி விடு, பாவம்."

எங்கே அனுப்புவது? வரைபடத்தின் வடக்குப் பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. அவள் தொழிலில் கறுப்பு என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு. ஒன்றும் இல்லாத இடத்தில் யார் வம்புக்கும் போகாமல் இருக்கட்டும் என்று அந்த மூட்டைக்காரனைக் கறுப்பை நோக்கி நடக்க விட்டாள். பொத்தான் திரும்பி வந்தது. நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

மறுநாள் பார்த்தால் கறுப்பு விலகி அங்கே பனிமலை நிற்கிறது. அடுத்த நாள் ஒரு கடல். அதற்கு மறுநாள், யாருடையது என்றே தெரியாத ஏழு கப்பல். ஒன்றும் இல்லாத இடத்தில் இத்தனையும் எப்படி வந்தது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரத்தில் மூட்டைக்காரன் தலைக்கு மேலே தெரிந்த வீடு போன்ற படத்தை அழுத்திவிட்டாள். ஆள் மறைந்தான், அவன் நின்ற இடத்தில் நாலு கூரை முளைத்தது. பெட்டி ஒன்று திறந்து, 'பெயர் என்ன?' என்று கேட்டது.

பதினாறு வருடமாகத் திரையில் ஒரு பெட்டி திறந்தால் எந்த எலும்பைப் படம் எடுக்கிறாள் என்பதைத்தான் அவள் விரல்கள் எழுதியிருக்கின்றன. யோசிக்காமல் எழுதிவிட்டாள்: வலது முழங்கால்.

அன்று சாயங்காலமே வாத்தியாரிடமிருந்து திரைக்குள் ஒரு செய்தி வந்து கிடந்தது. "வலது முழங்காலா? அதுவும் என் துறைமுகத்துக்கு எதிர்ல? என்னடா சொல்ல வர்ற?"

வெகுநேரம் யோசித்து, "ஒண்ணுமில்ல" என்று பதில் போட்டாள்.

அந்த ஒரு வார்த்தை வாத்தியாரை என்ன செய்ததோ, அடுத்த நாள் பத்துக் குதிரைகள் பரிசாக வந்தன. குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கே கட்டுவது? இன்னொரு மூட்டைக்காரன் வந்து நின்றான். அவனையும் அதே பக்கம் அனுப்பி, இடது தோள்பட்டை என்று ஒரு ஊர் வைத்தாள். இந்தத் தடவை ஏழு கப்பலும் சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் நகர்ந்துபோயின. ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள், ஒன்றும் விளங்கவில்லை.

ஆனால் அவளை உண்மையில் அரித்தது வேறு. தலைநகரத்தின் மேல் சிவப்பாக ஒரு அழுமூஞ்சி தெரிய ஆரம்பித்திருந்தது. முதலில் ஒன்று, பிறகு மூன்று, அப்புறம் ஐந்து. 'மக்கள் வருத்தத்தில் இருக்கிறார்கள்' என்று கீழே எழுதியிருந்தது. கிளினிக்கில் வலியோடு வருகிற யாரையும் இத்தனை வருடத்தில் அவள் முகம் சுளித்துப் பேசியதில்லை. இவர்களுக்கு மட்டும் அப்படி என்ன செய்துவிட்டாள்? படத்தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதையே நினைத்து நின்றதில், ஒரு பெரியவர் "அம்மா, மூச்சை விடலாமா?" என்று திணறலோடு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கப்பலிலிருந்து போன் வந்தது. முதல் நாலு நிமிடம் அம்மாவின் ரத்த அழுத்தம். பிறகுதான் மற்றது.

"என்ன, அழுத்துறியா தினமும்?"

"அழுத்துறேங்க. இந்த ஜனங்க எதுக்கு அழறாங்க?"

"யாரு அழறா?"

"அந்தப் பெரிய ஊர்ல. சிவப்பா மூஞ்சி. அப்புறம் மூணு மூலையா மஞ்சளா ஒண்ணு வருது, உள்ள ஒரு கை."

"என்ன கை? எந்தப் பக்கம் பார்த்த கை?"

"மேல பார்த்த மாதிரி. இல்ல, கீழயோ?"

"நல்லா பாத்துச் சொல்லு. கை விரிச்சிருக்கா, மூடியிருக்கா? ரெண்டுக்கும் அர்த்தம்..."

பத்து நிமிடம் முடிந்து லைன் அறுந்தது.

அதற்குப் பின் வந்த வாரத்தில் கொக்கிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. "மூணு நாள்ல பதில் சொல்லு. நீ என் பக்கமா, வாத்தியார் பக்கமா?" கீழே இரண்டு பொத்தான். எதை அழுத்தினாலும் ஒருவர் மனம் நோகும். இரண்டு நாள் இரண்டையும் தொடாமல் விட்டுவைத்தாள். மூன்றாம் நாள் காலை, பேசாமல் கொக்குக்கே போன் போட்டாள்.

"அண்ணே, இந்தப் பொத்தான்ல எதை அழுத்தணும்?"

"எந்தப் பொத்தான்மா?"

"நீங்க அனுப்பியிருக்கீங்களே, யார் பக்கம்னு."

"அவன் கப்பல்லேர்ந்து ஆடலையா? அப்ப இந்த ஒரு மாசமா ஆடுறது..."

அப்போதுதான் கணவன் சொன்னது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயை விட்டது விட்டதுதான். "நான்தான் அண்ணே. எனக்கு இதுல ஒரு எழவும் புரியல. ஜனங்க வேற அழுதுட்டே இருக்காங்க. என்ன பண்ணணும்னு நீங்களாவது சொல்லுங்க."

"அம்மா, தங்கச்சி, அதை என்கிட்ட கேக்கக் கூடாதும்மா. நான் உங்க எதிரி."

"எதிரியா? போன மாசம் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத்தானே போனீங்க?"

"நீங்க பேசினதை நான் கேக்கவே இல்ல" என்று கொக்கு போனை வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அந்த அழுமூஞ்சி இருக்கே, அவங்களுக்கு உப்பு இல்லம்மா. மலையடிவாரத்துல வெள்ளையா ஒரு கட்டம் இருக்கும். வேலைக்காரனை அங்க அனுப்பி உப்பு எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அனுப்பினாள். யார் பக்கம் என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் விடியும்போது தலைநகரத்தில் ஒரு அழுமூஞ்சிகூட இல்லை. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "உப்புக்கா இத்தனை அழுகை?" என்றாள்.

ஆனால் தெற்கு எல்லையில் மூன்று ஊர் நிறம் மாறியிருந்தது. நேற்று வரை இவளுடைய நீலம், இன்றைக்குப் பச்சை. பச்சை கொக்குடைய நிறம்.

முதலில் திரை கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். துணியால் துடைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் கொக்கு போனில் வந்தார்.

"மன்னிச்சிருங்க தங்கச்சி. ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருந்த சமயம். விளையாட்டுன்னா விளையாட்டுதான்."

"அப்ப உப்பு எதுக்குச் சொன்னீங்க?"

"அது வேற, இது வேற இல்லையா?"

வேறு எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. உதவின ஆள் மேல் கோபப்படுவதா, ஊரைப் பிடித்த ஆளுக்கு நன்றி சொல்வதா? கிளினிக்கில் அன்று இரண்டு பேருக்கு வலது இடது மாற்றி எழுதப் பார்த்தாள். நல்லவேளை, கடைசி நிமிடத்தில் கவனித்துத் திருத்தினாள். சாயங்காலம் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அந்த நெட்டையன் அடுத்த தடவை வீட்டுக்கு வரட்டும், பேசிக்கிறேன்."

அவள் அதற்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தெரியவில்லை. வாரா வாரம் வந்த போனில் அத்தையின் ரத்த அழுத்தத்தோடு நிறுத்திக்கொண்டாள், ஊர் போனதைச் சொல்லவில்லை. இருந்தும் வாத்தியார் தானாகவே கொக்கு மேல் பாய்ந்தார். கொக்கின் படை இவளுடைய தெற்கு எல்லைக்குப் போனதும் கொக்கு நாட்டின் மேற்கு வாசல் திறந்து கிடந்ததாம். அதோடு வாத்தியார் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தார்: வலது முழங்கால், இடது தோள்பட்டை எல்லாம் தனக்கு விடுத்த ரகசியச் சைகை, 'நான் மண்டியிடுகிறேன், நீ தோள் கொடு' என்று. அவர்கள் இருவரும் மூன்று மாதம் முட்டி மோதிக்கொண்டார்கள். நடுவில் நீலநிறத்தில் மிச்சமிருந்த நாட்டை யாரும் தொடவில்லை. தினமும் காலையில் அவள் திறந்து பார்ப்பாள். எங்கோ புகை, எங்கோ கப்பல், எங்கோ பாலம். தன் ஜனங்கள் சிரிக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடுவாள்.

கணவன் வந்து இறங்கினான். குளித்தான், சாப்பிட்டான், கணினியைத் திறந்தான். கால் மணி நேரம் வரைபடத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தான்.

"இது யாரோடது?"

"உங்களோடதுதாங்க."

"என் தெற்கு எங்க? இது என்ன, வலது முழங்கால்? பனியில எவனாவது ஊர் கட்டுவானா? நான் என்ன சொன்னேன்? பொத்தானை மட்டும் அழுத்துன்னு சொன்னேனா இல்லையா?"

"பொத்தானே மாறிப்போச்சுங்க! நான் எதை அழுத்துவேன்?" அவளும் கத்தினாள். "நாலு மாசம் ஒவ்வொரு நாளும் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்தது. ஒருத்தர் குதிரை அனுப்புறாரு, ஒருத்தர் உப்புச் சொல்லிட்டு ஊரைப் பிடிக்கிறாரு. உங்க சிநேகிதமும் புரியல, உங்க விளையாட்டும் புரியல."

அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை. கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிட்டது. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரி, முதல் நாள்லேர்ந்து சொல்லு" என்றான். சொன்னாள். உப்பு வந்த இடத்தில் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் கொக்குக்குப் போன் போட்டு அரை மணி நேரம் கத்தினான். வைக்கும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் அவள் புரியாமல்தான் பார்த்தாள்.

அந்த ஆட்டத்தை அவன் மீட்கவில்லை. ஆறு வாரத்தில் வாத்தியார் ஜெயித்தார். ஆடியது அவள்தான் என்று தெரிந்த அன்று வாத்தியார் அவளுக்கே போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப இடது தோள்பட்டை?"

"அன்னிக்கு ஒருத்தர் பைக்ல விழுந்துட்டு வந்தாருங்க. அதுதான்."

அடுத்த வருடம் ஏழாவது பாகம் வந்தது. புதிய ஆட்டத்துக்கு நாலு இடம் போட்டிருக்கிறோம் என்று கொக்கு கூப்பிட்டார், நாலாவது அவளுக்காம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், சரி என்று வந்துவிட்டது. ஒரு காலை நேரம், கிளினிக்குக்குக் கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது. மஞ்சள் நிறம் தேர்ந்தெடுத்தாள். திரை முழுக்கப் புதுப் புதுப் படங்கள்; ஆறாவதில் பார்த்த ஒன்றுகூட அதில் இல்லை. முதன்முறை ஆடுகிறவர்களுக்கு விளக்கம் தேவையா என்று ஒரு பெட்டி கேட்டது. ஆமாம் என்பதை அழுத்துவதாக நினைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.