பாலத்தடியில் ஆறிய மோட்டார்

ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் சைக்கிள் பாதையில் போகிறவர்கள் மழை வந்தால் பாலத்தடியில் ஒதுங்குவார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய குடும்பம், எனக்குத் தெரிந்தவரை, எங்களுடையது ஒன்றுதான். அதுவும் பாலத்துக்குப் பாலம்.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் இருந்தோம். அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். ஒரு நாள் லோரியிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்தார். செய்தித்தாளில் வராத வகை விபத்துதான். ஆனால் இடது முழங்கால் உடைந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. கொஞ்ச நேரம் மடக்கி வைத்தால் மட்டும் முழங்கால் அப்படியே இறுகிப்போகும். பிறகு நீட்ட வராது. கிளட்ச் மிதிக்கும் கால் அது. லோரி வேலை போயிற்று.

அதற்குப் பிறகு சிற்றப்பா ஒருமுறை அப்பாவைக் கப்சாய் என்கிற சின்ன மோட்டாரின் பின்னால் உட்காரவைத்துப் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நானும் அம்மாவும் கொமுட்டர் ரயிலில் போய் வாசலில் நின்றிருந்தோம். கிள்ளானிலிருந்து ஒரே மூச்சாக வந்ததில் அப்பாவால் இறங்க முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இறக்கினார்கள். பூக்கடையில் நின்ற ஓர் ஆன்டி, “காலையிலேயே தண்ணியா?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அது அப்பா காதில் விழுந்தது. அன்று அவர் கோயிலுக்குள் வரவில்லை. பிறகு பல வாரம் எங்குமே வரவில்லை.

மோட்டாரின் கியரும் இடது காலில்தான். அதனால் அம்மா லைசன்ஸ் எடுத்தார். பாஸான மாலையே அப்பாவின் மோட்டாரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதுகாப்புக்கு என்று ஒரு பெரிய வேப்பிலைக் கொத்தை மஞ்சள் துணியில் சுற்றி, முன்சக்கரத்துக்குப் பின்னால், என்ஜினுக்கு நேர்முன்னே இறுக்கிக் கட்டினார். கண்ணாடியில் கட்டினால் காற்றில் பறந்துவிடும் என்பது அவர் எண்ணம். அப்பா அப்போது வீட்டுக்குள் இருந்தார்.

அடுத்த ஞாயிறு ஜெஞ்சாரோமில் இருந்த பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். அம்மா கெஞ்சித்தான் அப்பாவைக் கிளப்பினார். அம்மா முன்னால், அப்பா பின்னால், நடுவில் நான். மூன்று பேர் போகக்கூடாது என்பது மூவருக்கும் தெரியும். அம்மா வெயிலுக்காக மேலே போடும் முழுக்கை ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டியிருந்தார். அதன் திறந்த இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொள்வது என் வேலை. பல நாள் மழை இல்லை. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தார்ச்சாலை பளபளவென்று நெளிந்தது.

பாதி வழியில் மோட்டார் இழுக்க மறுத்தது. கூடவே வறுத்த கஷாய வாசம். அப்பா நிறுத்தச் சொன்னார். செம்பனை நிழலில் இறங்கிக் குனிந்து பார்த்தவர், கருகிய வேப்பிலைக் கொத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

“மாரியம்மனுக்கே மூச்சு முட்டியிருக்கும்.”

பிறகு ஒரு பிரசங்கம் நடந்தது. இந்த என்ஜினுக்குத் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. எதிரே வரும் காற்று இந்தத் தகடுகளில் பட்டுத்தான் சூடு இறங்கும். காற்றை மறைத்தால் செத்தது. ஓடுவதால் சூடேறாது, சாலை நெரிசல் ஜேமில் ஓடவிட்டபடி நிற்பதால்தான் ஏறும். ரொம்ப நேரம் நிற்பதானால் அணைத்துவிட வேண்டும். என்ஜின் எண்ணெயை இந்த மாதிரி வெயில் காலத்தில் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும். சூடாகிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இரும்பு வெடிக்கும். நிழலில் நிறுத்தி, தானாக ஆறவிட வேண்டும்.

அம்மா இஸ்திரிப் பெட்டியில் விரலால் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். போத்தலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து என்ஜின் தகட்டில் தெளித்தேன். ‘சுர்’ என்று மறைந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. ஒரு சொட்டு பரவாயில்லை என்றார்.

ஆறும்வரை அவர் சாலையோரம் மேலும் கீழும் நடந்தபடி அம்மாவைக் கேலி செய்துகொண்டிருந்தார். விழுந்த பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஜெஞ்சாரோம் போய்ச் சேர்ந்ததும் தானாகவே காலைத் தூக்கி இறங்கி, பெரியம்மா வீட்டு வாசலுக்கு நடந்து போனார். அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேப்பிலை கருகிய வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு இண்டர்வியூ வந்தது. பங்சாரில் ஒரு லோரி கம்பெனியின் ஆபீஸ். துறைமுகத்தில் எந்த லோரி எந்த கேட்டுக்குப் போக வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து ரேடியோவில் சொல்லும் வேலை. காலைப் பற்றிப் போனில் கேட்டபோது அப்பா சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். முந்தின நாள் சமையலறையில் அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

“நுழையும்போதே காலைத்தான் பாப்பானுங்க. வேலை அங்கேயே முடிஞ்சிரும்.”

ரயிலில் போகலாமே என்று நான் கேட்டேன். ரயில் எப்போதும் லேட் என்றார் அப்பா. ஸ்டேஷன் படிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. வழக்கமாக ஊன்றும் கைத்தடியை அவர் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் நானும் நடுவில் ஏறினேன். வேப்பிலை இந்தமுறை கைப்பிடியில், நான்கே இலை.

முதல் பாலம் வந்ததும் அம்மா ஓரம் கட்டினார்.

“என்ஜின் சூடாயிருச்சிங்க.”

அதற்குள்ளேயா என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் இறங்கினார். தூண்வரை நடந்தார், திரும்பினார், மோட்டாரைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். சற்றுப் பொறுத்து மறுபடி கிளம்பினோம். அடுத்த பாலத்தில் அதே கதை. அதற்கடுத்ததிலும். பக்கத்தில் லோரிகள் இரைந்துகொண்டு போக, பாலத்தடியில் மட்டும் கொஞ்சம் குளிர்ந்த சிமெண்டு வாசம்.

மூன்றாவது பாலத்தில் பெட்டி கட்டிய மோட்டாரில் ஓர் இளைஞர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். பார்சல் கொண்டுபோகிறவர்.

“என்ன அண்ணே, மோட்டார் படுத்திருச்சா?”

சூடு என்றார் அம்மா. இளைஞர் குனிந்து என்ஜினுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினார்; இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

“அக்கா, இது சாதாரண சூடுதான் லா. பினாங்கு வரைக்கும் போலாம்.”

அப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்.

“உங்களுக்குத் தெரியாது தம்பி. இந்த மோட்டாரோட குணம் எனக்குத்தான் தெரியும்.”

இளைஞர் அம்மாவைப் பார்த்தார், பிறகு அப்பாவின் காலைப் பார்த்தார். “ஓகே அக்கா, மெதுவா போங்க” என்று தலையாட்டிவிட்டுப் போனார். லைசன்ஸ் எடுத்த சில மாதத்தில் அம்மா மெக்கானிக் ஆகிவிட்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் போனபின் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ‘சுர்’ கேட்கவில்லை. சொட்டு தகட்டிலிருந்து மெல்ல வழிந்து கீழே விழுந்தது.

“ம்மா, சத்தம் வரலை.”

“அப்ப இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்.”

சத்தம் வந்தால் நிற்க வேண்டும், வராவிட்டால் இன்னும் அதிகம் நிற்க வேண்டும். இது மோட்டார் சாஸ்திரத்தின் கடினமான பகுதி, பெரியவளானதும் புரியும் என்று விட்டுவிட்டேன்.

பங்சாரில் அம்மா ஆபீஸ் வாசல்வரை போகவில்லை. தெருமுனையில் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். அப்பா இறங்கினார். சட்டையின் பின்பக்கத்தை உள்ளே இழுத்துவிட்டு, தலை வாரி, அங்கேயே இரண்டு தடவை போய்வந்தார். பிறகு கிளம்பினார். நடையில் சின்னதாக ஒரு நெளிவு இருந்தது; புதுச் செருப்பு கடித்தவர்கள் அப்படி நடப்பதுண்டு. கண்ணாடிக் கதவு மூடியதும்தான் அம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். ரப்பரின் வரிகள் அவர் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

மர நிழல் எங்களை விட்டு நகரும்வரை காத்திருந்தோம். வெளியே வந்த அப்பா, பாதித் தூரத்திலேயே சொல்லத் தொடங்கினார். காலைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். எந்த கேட்டில் எந்த நேரம் ஜேம், மழை பெய்தால் எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கும் என்று கேட்டார்களாம். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்களாம். அம்மா கைப்பிடியிலிருந்த வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இன்று நானும் மோட்டாரில்தான் வேலைக்குப் போகிறேன். அதே பாதை, அதே வெயில். கிள்ளானிலிருந்து பங்சார்வரை எந்தப் பாலத்திலும் நிற்பதில்லை. என்ஜினுக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்பா செம்பனை நிழலில் சொன்னது முழுக்கச் சரி: ஓடுகிற மோட்டாரைக் காற்றே பார்த்துக்கொள்ளும். இதைச் சொன்னவர் அன்று பாலத்துக்குப் பாலம் ஏன் மறுக்காமல் இறங்கினார் என்று கேட்க எனக்குப் பல வருடம் தோன்றவில்லை.

அன்று பங்சாரில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அம்மா கிளப்பினார். என் தலைக்கு மேலே அப்பாவின் குரல், கேலி ஒன்றும் இல்லாமல், மெதுவாகக் கேட்டது.

“வீட்டுக்குப் போறப்பவும் நிப்பாட்டி நிப்பாட்டியே போ. என்ஜின் பாவம்.”

அம்மா சரிங்க என்றார். வேலை கிடைத்த பிறகும் இந்தப் பாழாய்ப்போன மோட்டாரை மாற்றும் பேச்சே இல்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.