படமாகப் போட்ட தமிழ்

பதுளை டவுனில் இணையத்தளம் செய்துகொடுக்கும் வேலையில் இறங்கிப் பதினெட்டு வருடமாகிறது. வந்த முறைப்பாடுகளில் என்னைத் தலைகுனிய வைத்தது ஒன்றுதான்.

ஒரு தனியார் நிறுவனம், முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு ஒன்லைனில் விண்ணப்பம் வாங்கத் தளம் கேட்டது. அங்கே பழைய கொம்பியூட்டர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அதற்கு எங்கள் ஊரில் பலரும் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. தமிழை டைப் செய்து, படமாக்கி ஒட்டிவிடுவோம். நானும் அப்படியே செய்தேன். பெயர், முகவரி, எந்த மீடியம் என்று கேட்கும் மொழிமூலம், அனுப்பும் பட்டன் எல்லாமே படம். ஓர் எழுத்துகூட உடையவில்லை என்று அந்த நிறுவனத்து மெனேஜர் மெச்சினார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

முடிவுத் திகதிக்கு முதல் நாள் காலை ஒரு போன் வந்தது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பரமேஸ்வரி என்ற பெண், நிறுவனத்தில் என் நம்பரை வாங்கிப் பேசினார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் எழுத்தாக இருப்பதைப் போன் வாசிக்க, அதைக் கேட்டே எல்லாம் செய்பவர். என் படிவத்தை மட்டும் போன் வாசிக்கவில்லை என்றார். வேறு வேலை அவசரத்தில் இருந்த நான், பக்கத்தில் யாரையாவது வைத்து நிரப்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மத்தியானம் ஆளே வந்து நின்றார். பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டு மாடியேறி வந்திருக்கிறார். போனை மேசையில் வைத்து விரலால் தடவினார். "படம். படம். பெயரில்லாத பட்டன்" என்றது போன். ஊகித்து நிரப்பி அனுப்பியதும் பிழைச் செய்தி வந்தது. அது ஒன்றுதான் எழுத்தாக இருந்தது. போன் அதைத் தெளிவாக வாசித்தது: "சிவப்பு நிறக் கட்டங்களை நிரப்பவும்."

"எந்தக் கட்டம் சார் சிவப்பு?" என்று கேட்டார். கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நானே நிரப்பித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க சார். போன வருஷம் கொமியூனிகேஷன் கடையில அப்பிடித்தான் நிரப்பிக் குடுத்தாங்க. சிங்கள மீடியம்னு போட்டுட்டாங்க. இன்டர்வியூவுக்குப் போன பொறகுதான் தெரிஞ்சிச்சு. ஒரு வருஷம் போச்சு. என்ன போட்டிருக்குன்னு நானே கேக்கணும் சார்."

மெனேஜரிடம் மாற்ற அனுமதி கேட்டேன். "ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்துறதா? எழுத்து உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்றார். பொறுப்பு என்னுடையதுதான் என்றேன். எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து வைத்தால் உடையாதென்று எனக்கு முதலிலேயே தெரியும். சோம்பல்பட்டுத்தான் படமாகப் போட்டேன்.

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, படங்களைக் கழற்றி, போன் வாசிக்கக்கூடிய யுனிகோட் எழுத்தில் எழுதினேன். ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டுப் பார்த்து எது பேசுகிறது, எது பேசவில்லை என்று சொன்னார். பிழைச் செய்தியில் கட்டத்தின் பெயரைப் போட்டேன். கடைசி பஸ்ஸுக்கு முன் முடிந்தது. "மொழிமூலம், தமிழ்" என்றது போன். அதை இன்னொரு தரம் வாசிக்க வைத்தார். பிறகு அவரே அனுப்பினார்.

அவருக்கு இடம் கிடைத்தது. இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தளம் முடிந்ததும் திரையை மறைத்துவிட்டு, காதால் கேட்டு ஒரு முறை நிரப்பிப் பாருங்கள். அன்று பரமேஸ்வரி என் பேச்சைக் கேட்டு யாரையாவது வைத்து நிரப்பியிருந்தால், நான் செய்த பிழை இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு முன்னால் எத்தனை பேர் அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டு, நமக்கு இது சரிவராது என்று பேசாமல் இருந்துவிட்டார்களோ, அது எனக்குத் தெரியவே போவதில்லை.