கல்மண்டபத்தில் கழற்றிய பூட்ஸ்

அந்த வசந்தகால விடுமுறையில் நடந்தவை, வரிசைப்படி:

1. வாஷிங்டன். செர்ரிப் பூக்களைப் பார்க்கப் போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டன. மிச்சமே கண்கொள்ளாமல் இருந்தது.
2. லங்காஸ்டர் கிராமப்புறம். ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒரு பகலும் ஒரு வேளைச் சாப்பாடும்.
3. பிலடெல்பியா. அருங்காட்சியகத்தின் மாடியில் காவலாளியிடம் அகப்பட்டேன்.
4. நியூயார்க். ஓயாத மழை, ஓயாத ஓவியங்கள். குடையைத் தொலைத்தேன்.
5. படிப்பு முடிந்து திருவனந்தபுரம் திரும்பியபின், இவை எல்லாவற்றையும் வலியசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தைக்குச் சொன்னேன்.

ஐந்தாவதுதான் கடினம். காரணம் என் தங்கை.

குடிநீரைப் பரிசோதிக்கும் முறைகளைக் கற்றுவர சர்க்கார் என்னை அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலைக்கு அனுப்பியிருந்தது. நான் திரும்பி வந்த கோடையில், செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்க அதே சர்வகலாசாலையில் தங்கைக்கும் இடம் கிடைத்தது. அப்பா வழக்கம்போல, "அக்கா சரின்னா எனக்கும் சரி" என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அம்மா போனபிறகு எங்கள் வீட்டை நடத்துவது அப்பாவின் அக்காதான். அத்தை சரி என்று சொல்லவில்லை.

கடல் தாண்டுவதை அவள் ஆட்சேபிக்கவில்லை.

"அதெல்லாம் பழைய கதை. நீ போனே, வந்தே, ஒண்ணும் தேஞ்சு போயிடலை. பட்சே நீ கல்லாக்கும். இவ வெண்ணெய். யார் என்ன சொன்னாலும் சரிங்கறவளை அத்தனை தூரம் எப்படி அனுப்பறது?"

இதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. கடைக்காரர் முற்றின வெண்டைக்காயை நிறுத்துப் போட்டால் தங்கை சரி என்று வாங்கி வருவாள். பரீட்சைக்கு முதல் நாள் எதிர்வீட்டு மாமி அப்பளம் இடக் கூப்பிட்டால், சரி என்று போய் உட்கார்ந்துவிடுவாள். வகுப்பில் பாதிப் பேர் அவள் வரைந்த இலைப் படங்களை வைத்துத்தான் தேறினார்கள்.

ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். என் விடுமுறைப் பயணத்தை முதலிலிருந்து கடைசிவரை அத்தைக்குச் சொல்லிவிட்டால், பயப்பட அங்கே ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதற்கு நாள் பார்த்தேன். பலாப்பழம் நறுக்கும் பிற்பகல் ஒன்று வாய்த்தது. கையெல்லாம் எண்ணெயும் பிசினுமாக இருக்கும்போது யாரும் நடுவில் எழுந்து போக முடியாது. உதவிக்கு வந்த எதிர்வீட்டு மாமியும் அகப்பட்டுக்கொண்டாள். தங்கை கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள், அப்பா மூலையில் செய்தித்தாளுக்குள் இருந்தார்.

வாஷிங்டனை விரைவாக முடித்தேன். லங்காஸ்டரில் நின்றேன். என் அறைத்தோழி அந்தப் பக்கத்துப் பெண். அவள் வீட்டார் தலைமுறைகளாக ஓர் ஆமிஷ் குடும்பத்திடம் பாலும் முட்டையும் வாங்குகிறவர்கள். அந்தப் பழக்கத்தில் எங்களையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். உழுது போட்ட கறுப்பு மண், அதில் குதிரைகள் இழுக்கும் கலப்பை, சாலையில் மூடிய கறுப்புக் குதிரை வண்டிகள். பெண்கள் வெள்ளைத் தொப்பியால் கூந்தலை மறைத்திருந்தார்கள். கார் கிடையாது, மின்சாரம் கிடையாது. இல்லாமையால் அல்ல, வேண்டாமென்று முடிவு செய்து.

"கரண்ட் கிடையாதோ?" என்றாள் அத்தை. "நம்ம தெருவுக்கே வந்தாச்சே!"

"ஊர்ல எல்லாரும் அமெரிக்கா போய் ஆகாசம் முட்டற கட்டடம் பாத்துட்டு வருவா. இவ போய் அரிக்கேன் விளக்கு பாத்துட்டு வந்திருக்கா" என்றாள் மாமி.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். மாமிசம் சாப்பிடமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். மற்ற இடங்களில் இதைச் சொன்னால் ஏன், எதற்கு, கோழிகூடவா என்று ஒரு விசாரணை நடக்கும். அந்த வீட்டு அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. மேஜையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஆப்பிளைக் குழையக் காய்ச்சிய இனிப்பு மூன்றையும் என் பக்கம் நகர்த்தினாள். பழம் வைத்துச் சுட்ட அப்பம் போன்ற பண்டத்தை நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மட்டும் எடுத்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். "மேல்மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது" என்றாள். பிறகு எல்லோரும் தலைகுனிந்து மௌனமாகப் பிரார்த்தனை செய்தார்கள். நானும் வீட்டில் அப்பா இலையைச் சுற்றி நீர் தெளிப்பதுபோல, விரலை நனைத்துத் தட்டைச் சுற்றித் தெளித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"சொல்லிட்டாளா! அவளா சொல்லிட்டாளா!" என்று அத்தை சுளையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். என் திட்டம் பலிக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்தது பிலடெல்பியா. எண்ணெய் ஓவியங்களாகப் பார்த்துக்கொண்டே மாடியில் ஓர் அறையைத் தாண்டித் திரும்பினேன். எதிரே கல்தூண்கள். யாளிகள். நம் ஊர்க் கோயில் மண்டபம், மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது, கூரைக்குக் கீழே முழுதாக நின்றது. நான் யோசிக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டையும் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன். தோழி முன்னாலேயே எங்கோ போய்விட்டாள். காவலாளிதான் பூட்ஸைப் பார்த்து ஓடிவந்தார், பெரிய உடம்பும் நரைத்த மீசையுமாக.

"அம்மா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?"

"இல்லை. எங்கள் ஊரில் இதற்குள் செருப்போடு போகமாட்டோம்."

"காலில் ஏதாவது குத்தினால் என்னைத்தான் கேட்பார்கள்."

"ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுகிறேன்."

அவர் தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பூட்ஸுக்குப் பக்கத்தில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் வரும்வரை நின்றார்.

"மூர்த்தி உண்டோ?" என்றாள் அத்தை.

"இல்லை அத்தை. மண்டபம் மட்டுந்தான்."

மாமிக்குச் சிரிப்பு தாளவில்லை. "சாமியே இல்லாத எடத்துல கழட்டினாளாம்! நாளைக்கு ரயில்வே ஸ்டேஷன்லயும் தூண் இருக்குன்னு கழட்டுவா."

"நீங்க சும்மா இருங்கோ. கழட்டினது நன்னாச்சு" என்றாள் அத்தை. அதோடு நின்றிருந்தால் வெற்றி என்று நான் எழுந்திருப்பேன். ஆனால் அவள் தங்கையிடம் திரும்பினாள். "நீயா இருந்தா என்னடி பண்ணியிருப்பே? கழட்டியிருப்பியோ?"

இதைவிட எளிதான கேள்வி கிடையாது. நான் கண்ணைக் காட்டினேன். ஒரே ஒரு ஆமாம் போதும்.

தங்கை கொட்டையைப் பிதுக்கிச் சட்டியில் போட்டாள். "மாட்டேன்" என்றாள்.

அத்தை கையிலிருந்த சுளையைக் கீழே வைத்தாள்.

"சாமி இல்லையே அத்தை. அது பார்க்கறதுக்குன்னு நிறுத்தி வெச்ச கல்லு. நானா இருந்தா தூண் தூணா வரைஞ்சிண்டு வந்திருப்பேன். அக்கா கழட்டறதும் மாட்டறதுமா நேரத்தைப் போக்கிட்டா. யாளி வாயில கல் உருண்டை உண்டான்னு கேளு, தெரியாது அவளுக்கு."

உண்மை. தெரியவில்லை.

"நான் கழட்டச் சொன்னா?" என்றாள் அத்தை. குரலில் கொஞ்சம் காரம்.

"நீ கூட நின்னா, உன் மனசுக்காகக் கழட்டுவேன். நீ அங்க இல்லைன்னா மாட்டேன். வெறுதே பொய் சொல்லி என்ன?"

அந்த வீட்டில் அத்தையின் முகத்துக்கு நேரே இப்படிப் பேசியவர்கள் யாரும் இல்லை. நான்கூட இல்லை. நான் சுற்றிவளைத்துத் திட்டம் போடுகிறவள். செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. அப்பாவின் கண்கள் தெரிந்தன.

"இதாக்குமா வெண்ணெய்?" என்றாள் மாமி. "வாயில போட்டா பல்லு போயிடும் போலிருக்கே."

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் நீர் வந்தது. எண்ணெய்க் கையால் துடைத்துக்கொள்ள முடியாமல் புறங்கையால் துடைத்தாள். சிரித்து முடித்து, சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அங்க குளிர் எப்போ ஆரம்பிக்கும்? கம்பளிக் கோட்டுக்கு இந்த ஊர்ல எங்க போறது?"

நியூயார்க்கைப் பற்றி நான் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அன்று மாலை முழுக்கக் கம்பளி, பெட்டி, ஊறுகாய் ஜாடியை எப்படி மூடுவது என்பதே பேச்சாக இருந்தது. மாமி ஒரு கை பலாச்சுளையைத் தங்கையின் வாயில் திணித்துவிட்டுப் போனாள்.

இப்போதைய நிலை: தங்கை அமெரிக்காவில் முதல் வருஷத்தை முடித்துவிட்டாள். வகுப்பில் முதல் மாணவி. படங்களை யாருக்கும் இரவல் தருவதில்லையாம். நான் இங்கே நீர்ப் பரிசோதனைச் சாலையில் வேலை பார்க்கிறேன். அத்தை சௌக்கியம். மாமி தன் அப்பளத்தைத் தானே இடுகிறாள்.