எஸ்தர் தூக்கிய கை

என் மகள் எஸ்தருக்கு அப்போது ஆறு மாதம். இடுப்பில் வைத்தால் தலை நிற்காமல் பின்னால் சாய்ந்தது. தலைப்பிள்ளை, மெதுவாகத்தான் நிற்கும் என்று சித்தூரில் எங்கள் தெருவே சொன்னது. நானும் நம்பினேன். ஒவ்வொரு வாய்ப் பாலுக்கும் புரை ஏற ஆரம்பித்த பிறகுதான் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா பிள்ளையின் கால்களை விரித்துப் பார்த்தார். விட்டதும் அவை கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. பிறந்ததும் அழ நேரமானதா என்று கேட்டார். ஆமாம், ஆனது. அந்த நேரத்தில் காற்றுக் கிடைக்காமல் மூளை கெட்டிருக்கிறது, இவள் உட்காரமாட்டாள், பேசமாட்டாள், மதராஸ் ராஜதானியில் எங்கே போனாலும் வைத்தியம் இல்லை என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். அந்தக் கையை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

இரண்டு வயதில் வலிப்பு வந்தது. நுரை தள்ளிக் கைகால் வெட்டுகிற வலிப்பு இல்லை. வலது கை விறைத்து மெல்ல மேலே எழும். கண்கள் மேலே செருகும். கொஞ்ச நேரத்தில் கை விழுந்து தூங்கிப்போவாள். அதற்குப் புரோமைடு மிக்சர் (வலிப்பைத் தணிக்கும் உப்பு மருந்து) கொடுத்தார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நாள் எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகுக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, கழுத்தைத் தாங்கி, ஒரு வாய் இறங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். ஊட்டி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

அவள் நைனாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, திருப்பதி ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். அவர் இருக்கும்போது வலிப்பு வந்ததே இல்லை. அதற்கும் அவரிடம் மரியாதை போலும். நான் எத்தனை விளக்கியும் வலிப்பென்றால் நுரை தள்ளும் என்றே நினைத்திருந்தார்.

எஸ்தரின் ஐந்தாம் வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷன் கோயிலில் பாட்டு நடுவே, என் மடியில் அவள் கை எழுந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் பார்த்துவிட்டார். பிள்ளை ஆண்டவரைத் துதித்துக் கை தூக்குகிறாள் என்று சுற்றியிருந்த பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். இது வலிப்பு என்று வீட்டில் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு சேவலைக் காணிக்கையாக வைத்து, பிள்ளை சுகமாகி வருகிறாள் என்று சபை முன்னால் சாட்சி சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மருந்து பாட்டிலைக் காட்டிக் கேட்டார்.

"சாட்சி சொல்லிட்டு இத குடுத்துக்கினு இருந்தா, ஆண்டவர நம்பலன்னு ஆவாதா?"

"ஆண்டவரு எம்மேல கோச்சிக்கட்டும். நான் நிறுத்த மாட்டேன்."

அவர் என்னோடு பேசாமல் திருப்பதிக்குப் போனார். திரும்பி வந்த ஞாயிறு, எல்லோரும் பார்க்கட்டும் என்று எஸ்தரைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். பாட்டு நடுவே அவள் கை எழுந்தது. சபை இன்னும் சத்தமாகப் பாடியது. அவர் மட்டும் நிறுத்திவிட்டார். அவர் நெஞ்சில் சாய்ந்திருந்த முதுகு கட்டையாகியிருந்தது. மூச்சு நின்று நின்று வந்தது. மூத்திரம் போய் அவர் வேட்டி நனைந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன்.

"அன்னிக்கும் இதானா?"

"இதான்."

"தினம் நீ ஒண்டியா இத பாத்துக்கினு இருந்தியா?" என்று கேட்டு அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

மறு ஞாயிறு சாட்சி சொன்ன அதே இடத்தில் நின்று, பிள்ளை சுகமாகவில்லை, நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றார். சபைப் பாதிரி ஐயர் எழுந்து, சுகத்துக்காக இன்னும் ஜெபிப்போம் என்று ஆறுதல் சொன்னார்.

"வேணாம் ஐயரே. எங்களுக்கு ஒரு நாள் முன்னாடி அவள எடுத்துக்கணும்னு ஜெபம் பண்ணுங்க. நாங்க பூட்டா யாரு ஊட்டுவாங்க?" என்றார் அவள் நைனா.

நான் மட்டும் ஆமென் சொன்னேன்.

எஸ்தருக்கு இப்போது பதினாறு வயது. தூக்கினால் என் இடுப்பு விட்டுப்போகிறது. மற்ற தாய்மார்கள் பிள்ளை வளர்ந்ததைச் சொல்லிப் பூரிக்கிறார்கள். எனக்கு அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளும் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் என் உடம்பை நான் கவனித்ததே இல்லை. இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறேன், மழையில் நனைவதில்லை, சளி பிடித்தாலே கஷாயம் வைத்துக் குடிக்கிறேன். அவளைவிட ஒரு நாள் இந்த உடம்பு கூடுதலாகத் தாங்க வேண்டும். ஒரே ஒரு நாள்.